நான்கு வழிச்சாலையில் நடந்து போகிறவருக்கு எந்த வழி?

கயத்தாறு வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஒரு பக்கத்துத் தார்ப்பரப்பின் அகலம் ஏறத்தாழ ஏழு மீட்டர். தலையில் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு நடக்கும் ஒரு பெண் விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், அதைக் கடக்க ஏழு விநாடி ஆகும். நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-இல் அனுமதித்த உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அதாவது விநாடிக்குச் சுமார் 28 மீட்டர். ஏழு விநாடியில் அந்தக் கார் 195 மீட்டர் ஓடிவிடும். அவர் சாலையில் கால் வைக்கும்போது இருநூறு மீட்டர் தள்ளி வெறும் வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்த வண்டி, அவர் நடுத்திட்டைத் தொடும் நேரத்தில் அவர் இடுப்பை உரசிக்கொண்டு போகும். அங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபாதியை இதே கணக்கில் கடக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை.

எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. சாலையைப் போட்டவர்கள் இதைப் போட்டுப் பார்த்தார்களா என்பதுதான் நம் கேள்வி.

சாலை விபத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம், இந்தப் பகுதியில் எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். லாரி சாதி பார்த்து மோதுவதில்லைதான். ஆனால் யார், எந்த நேரத்தில், எதில் ஏறி, சாலையின் எந்த இடத்தில் வந்து நிற்கிறார் என்பதில் சாதி இருக்கிறது. பழைய சாலை ஊருக்குள் புகுந்து போனது. நான்கு வழிச்சாலை வந்தபோது ஊரைச் சுற்றிக்கொண்டு புறவழியாகப் போட்டார்கள். ஊருக்குப் புறத்தே இருந்தது எது? தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த குடியிருப்புதான். பல ஊர்களில் ஊர்த்தெரு சாலையின் ஒரு பக்கமும் நம் மக்களின் தெரு மறுபக்கமும் ஆகிவிட்டன. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், கூலிக்குப் போகும் நிலம் எல்லாம் அந்தப் பக்கம். சில இடங்களில் சுடுகாடும் அந்தப் பக்கம்தான். பாடையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடப்பவர்களிடம் கேட்டால் தெரியும், ஏழு விநாடி எவ்வளவு குறைவு என்று.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. சொல் போகட்டும், அந்தத் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்கு வரும் வழியில் ஒரு விளக்காவது வரட்டும்.

தமிழ்நாட்டின் கணக்கைப் பார்ப்போம். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இங்கே 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். 2023-இல் 67,213 விபத்துகள், 18,347 சாவுகள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் என்று கணக்கு வருகிறது. ஒரு பேருந்து நிறைய ஆட்கள் தினமும் ஏறி, திரும்பி வராமல் போவதைப் போன்றது இது.

இந்தியா முழுவதுக்குமான 2022 கணக்கில் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 64 பேர். இறந்தவர்களில் ஏறக்குறைய 68 சதவீதம் பேர் இறந்தது கிராமப்புறத்தில். ஆண், பெண், வயது, ஓட்டிய வண்டி, மழையா வெயிலா, வளைவா நேர்சாலையா என்று எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. சாதி மட்டும் இல்லை. மாநில மக்கள்தொகையில் ஐவரில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. சாலையில் சாகிறவர்களில் எத்தனை பேருக்கு ஒருவர்? அறிக்கையில் அந்தக் கட்டமே கிடையாது. கட்டமே இல்லாத இடத்தில் கேள்வி எப்படி எழும்?

மாநிலம் திட்டம் போடாமல் இல்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு விரிவான உத்தரவு போட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சாலைப் பாதுகாப்புக் கவுன்சில், தனி நிதி, செயல்திட்டம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் குழு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் ஊர்க்காரர் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ளலாம். கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.இராஜசேகரன், உடைந்த கைகால்களை நாள்தோறும் பார்த்துச் சலித்து, 2012-இல் நீதிமன்றத்துக்குப் போனார்.

ஆனால் திட்டம் எந்த இடத்தில் கண்ணை வைக்கிறது என்று பாருங்கள். ‘கரும்புள்ளி’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடத்துக்குக் கரும்புள்ளி என்று பெயர் வரும், பணம் வரும், மேம்பாலமோ சுரங்கப்பாதையோ பேசப்படும். பெரிய சந்திப்புகளுக்கு இந்த முறை பொருந்தும். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் சாலையோரத்தில் பத்துக் குடியிருப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் தெருவுக்கு ஒருவர், சாலையைக் கடக்கையில் அடிபட்டுச் சாகிறார். மொத்தம் பத்துச் சாவு. கரும்புள்ளி எத்தனை? பூஜ்யம். நம் சாவு சிதறிக் கிடக்கிற சாவு. ஒரே இடத்தில் குவிந்து சாகாத குற்றத்துக்காக நாம் திட்டத்துக்கு வெளியே நிற்கிறோம்.

கரும்புள்ளி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதோடு இன்னொரு கணக்கும் வேண்டும். நெடுஞ்சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் மக்கள் எங்கே கடக்கிறார்கள், எந்த நேரத்தில், எத்தனை பேர், பாதுகாப்பாகக் கடக்கும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? சாவு எண்ணிக்கையைக் கொண்டு இடம் தேடுவது ஒரு முறை. ஆள் நடக்கும் பாதையைக் கொண்டு இடம் தேடுவது இன்னொரு முறை. இரண்டாவதற்கு யாரும் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான்; அந்தத் தவறுக்கு மரண தண்டனை கொடுக்காத மாதிரி சாலையைப் போடுவது போடுகிறவரின் பொறுப்பு என்பது அதன் சாரம். இன்று உலகம் முழுக்கச் சாலைப் பாதுகாப்புப் பேசுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. விதித்த தரத்தில் சாலையை வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது. ‘சாலையைக் கவனமின்றிக் கடந்தார்’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘கடக்க இடம் வைக்காமல் சாலை போட்டார்கள்’ என்ற வரி படுவதில்லை.

அதே 1997-இல் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? கட்டபொம்மனின் படைத்தளபதியாக நின்று உயிர் கொடுத்த வீரன் சுந்தரலிங்கம், நம் மாவட்டத்துக் கவர்னகிரிக்காரர். அந்த ஆண்டு மே மாதத்தில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை அரசு வைத்தது. தாழ்த்தப்பட்டவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானதும், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனதும் அப்படித்தான். தென்மாவட்டத்தில் பேருந்து என்பது வெறும் வண்டி அல்ல என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறோம். யார் ஏறலாம், யார் உட்காரலாம், எந்தத் தெருவில் நிற்கும் என்பதெல்லாம் இங்கே சண்டை போட்டுப் பெற்றவை.

பேருந்து வராத இடத்தில் என்ன வருகிறது? லோடு ஆட்டோ வருகிறது. குட்டியானை வருகிறது. கரிசல் காட்டில் உளுந்து, பாசி எடுப்புக் காலத்தில், மிளகாய்ப் பழம் பறிக்கும் காலத்தில், மக்காச்சோள அறுவடையில், விடிவதற்கு முன்பே முக்குகளில் பெண்கள் தூக்குச்சட்டியோடு நிற்பதை யாரும் பார்க்கலாம். சரக்கு ஏற்றும் வண்டியில் இருபது, முப்பது பேரை நிற்கவைத்து அடைத்துக்கொண்டு போவார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பக்கவாட்டுப் பலகை இடுப்புக்குக் கீழே. 2021 பிப்ரவரியில் நம் பக்கத்து மணியாச்சி அருகே இப்படி ஒரு லோடு ஆட்டோ கவிழ்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்குப் போன ஐந்து பெண்கள் இறந்தார்கள். செய்தி வந்தது, இரங்கல் வந்தது, நிவாரணம் வந்தது. அடுத்த எடுப்புக் காலத்தில் அதே மாதிரி வண்டிகள் திரும்ப வந்தன.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. சரக்கு வண்டியில் ஆளாக ஏறிப் போகிறவருக்கு அந்த வண்டியின் காப்பீடு பொறுப்பேற்காது. ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ சரக்கோடு போனால் வேறு கதை. கூலிக்குப் போகிறவர் சரக்கும் அல்ல, சரக்கின் சொந்தக்காரரும் அல்ல. அதனால் வண்டி கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம் தப்பித்துக்கொள்ள இடமிருக்கிறது. வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள் என்று தீர்ப்பு வந்தால், கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறவரிடம் என்ன இருக்கும்? சில வழக்குகளில் நீதிமன்றம் இரக்கம் காட்டி, நிறுவனம் முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் இரக்கத்தை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது.

வண்டியை மடக்கி அபராதம் போடுவதால் மட்டும் இது தீராது. அபராதம் கூலியில்தான் பிடிக்கப்படும். விடிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு சாதாரணப் பேருந்து விட்டால் தீரும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தை நாம் வெறும் காசு மிச்சம் என்று பார்க்கிறோம். அதைச் சாலைப் பாதுகாப்புத் திட்டமாகவும் பார்க்க வேண்டும். ஒரு பெண் லோடு ஆட்டோவிலிருந்து இறங்கிப் பேருந்தில் ஏறினால் அவர் உயிர் அவ்வளவு தூரம் பத்திரமாகிறது. கடம்பூர், கழுகுமலை, தேவர்குளம் பாதைகளில் காலை வேலை நேரத்துக்கு எத்தனை பேருந்து போகிறது என்பதை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு தன் கணக்கில் சேர்க்கட்டும்.

ஆனால் பேருந்துக் கழகங்களின் நிலைமையையும் பார்த்தோம். நம் சாலைப்புதூர் உட்பட கப்பலூர், எட்டூர்வட்டம், நாங்குநேரி ஆகிய நான்கு சுங்கச்சாவடிகளில் அரசுப் பேருந்துகள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய் என்று வழக்குப் போனது. 2025 ஜூலை 10 முதல் அந்தச் சாவடிகளில் அரசுப் பேருந்துகளை விடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. பேசித் தீர்ப்பதாக அரசு சொன்னபின் உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. சொந்த வண்டி இல்லாதவர்களை ஏற்றிப் போகிற பேருந்திடமும் வேகமாகப் போவதற்கான சாலைக்கென்று காசு கேட்கிறார்கள். இந்த நியாயம் நமக்குப் புரியவில்லை.

விபத்து நடந்தபின் என்ன என்பதற்கு வருவோம். இங்கே தமிழ்நாடு பாராட்டத்தக்க காரியம் செய்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் வந்தது. ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. மாநில எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் சிகிச்சை. தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். மத்திய அரசும் 2025 மே மாதம் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. கயத்தாறில் அடிபட்டவரைக் கோவில்பட்டித் தலைமை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி ஐகிரவுண்டுக்கோ கொண்டுபோவார்கள். வழியில் தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் ‘முன்பணம் கட்டு’ என்று கேட்டவுடன் தாலியைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். ‘48 திட்டத்தில் உங்கள் மருத்துவமனை இருக்கிறதா?’ என்று முதலில் கேளுங்கள்.

தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒன்று. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைப் போலீஸ் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, பெயரைச் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறை அது. 2019-இல் சட்டப்பிரிவாகவே வந்துவிட்டது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. காவல் நிலையம் என்றால் நம் மக்களுக்குக் கொடியன்குளம் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. அதனாலேயே சட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இழப்பீட்டில்தான் நாம் அதிகமாக ஏமாறுகிறோம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் பெரும்பாலோர் ‘யாரென்றே தெரியவில்லை, யார்மேல் வழக்குப் போட?’ என்று விட்டுவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய், கொடுங்காயம் பட்டவருக்கு ஐம்பதாயிரம் ரூபாய் உண்டு. முன்பு இது 25,000-ம் 12,500-ம்தான். யார்மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் வாங்குகிறவர் வட்டாட்சியரோ கோட்டாட்சியரோதான். பணத்துக்கு அனுமதி கொடுப்பவர் ஆட்சியர். சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியதில்லை.

எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? 2022-இல் நாடு முழுவதும் அடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அவற்றில் செத்தவர்கள் 30,486 பேர். 2022-23 நிதியாண்டில் இந்தத் திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் வெறும் 205. தீர்க்கப்பட்டவை 95. 2024 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்றமே இந்த எண்களைப் பார்த்துவிட்டு உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், ‘இப்படி ஒரு இழப்பீடு இருக்கிறது, இந்த அதிகாரியிடம் கேள்’ என்று காவல் நிலையம் குடும்பத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அப்படி ஒரு கடிதம் உங்கள் தெருவில் யாருக்காவது வந்ததா என்று விசாரித்துப் பாருங்கள். வந்திருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு லட்சம் ஒரு உயிருக்கு ஈடா என்று கேட்டால், இல்லை. ஆனால் கந்துவட்டிக்குப் போகாமல் ஒரு குடும்பம் ஓராண்டு நிற்க அது போதும்.

வண்டி தெரிந்த விபத்துகளில் தீர்ப்பாயத்துக்குப் போகிறோம். அங்கே உயிருக்கு விலை போடுவது வருமானத்தை வைத்துத்தான். முப்பத்தைந்து வயதுக்காரர் இறந்தார், அவரை நம்பி நான்கு பேர் என்று கொள்வோம். நிலையான சம்பளம் இல்லாதவருக்கு வருமானத்தோடு எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்ப்பார்கள். அவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று நாலில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். வயதுக்கேற்ற பெருக்கல் எண் 16. இந்தக் கணக்கில், நீதிமன்றம் ஏற்கும் மாத வருமானத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்தால் கடைசியில் இழப்பீட்டில் 2,01,600 ரூபாய் குறைகிறது. சம்பளச் சீட்டு உள்ளவருக்குக் கவலையில்லை. கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனவருக்கு என்ன சான்று? தலைமுறையாகக் கூலியைக் குறைத்துக் கொடுத்தார்கள். செத்தபின் அந்தக் குறைந்த கூலியைப் பதினாறால் பெருக்கிச் சாவுக்கும் விலையைக் குறைக்கிறார்கள். இந்த முறை மாற வேண்டும் என்பது நம் கருத்து. மாறும்வரை கையில் உள்ளதைக் காப்பாற்றிக்கொள்வோம். நூறு நாள் வேலை அட்டை, நலவாரிய அட்டை, கூலி ஏறும் வங்கிப் புத்தகம் எல்லாம் நாளைக்குச் சான்று. வீட்டு வேலை மட்டும் செய்த பெண் இறந்தாலும் அவர் உழைப்புக்கு மதிப்புப் போட்டு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் கேட்கத் தவறாதீர்கள். மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. 2019 திருத்தம் அந்தக் கெடுவைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு இருபது ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு வங்கிக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் இரண்டு லட்சம் உண்டு. அது தனி, மற்றவை தனி.

நம் இளைஞர்களிடம் ஒரு பேச்சு, கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். 2022-இல் நாட்டில் தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். நினைவுநாளுக்கும் திருவிழாவுக்கும் ஒரே பைக்கில் மூன்று பேர், தலையில் துணிக்கட்டு, கையில் கொடி என்று நான்கு வழிச்சாலையில் பறப்பது வீரம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தலைவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போகும் பிள்ளை பாதி வழியில் விழுந்தால், அவன் அம்மாதான் ஐகிரவுண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். சாலை நம்மைக் கொல்லும்படி போடப்பட்டிருக்கிறது என்பது உண்மை. அதற்கு நாமும் கை கொடுக்க வேண்டாம்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்போம். பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று 2024-இல் சட்டமே நிறைவேறியிருக்கிறது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக அயோத்திதாசர் பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் தெருவுக்குள் சிமென்ட் சாலை போடுகிறார்கள். தெருவிலிருந்து நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தம் வரை நடைபாதையும் விளக்கும் போட அதே பணத்தைக் கேட்கலாம். நெடுஞ்சாலைக்குள் செய்ய வேண்டியதைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் செய்யட்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒரு சனிக்கிழமை, காலை ஐந்து முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் எட்டு வரையும், உங்கள் தெருக்காரர்கள் கடக்கும் இடத்தில் சாலையை விட்டுத் தள்ளி இரண்டு பேர் உட்காருங்கள். எத்தனை பேர் கடந்தார்கள், அதில் குழந்தைகள் எத்தனை, சுமையோடு எத்தனை, நடுத்திட்டில் எத்தனை நிமிடம் நின்றார்கள், எத்தனை லோடு ஆட்டோவில் ஆட்கள் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்த இடத்தில் அடிபட்டவர்கள் யார் என்று வீடு வீடாகக் கேட்டு அதையும் சேருங்கள். எந்த அரசு அறிக்கையிலும் இல்லாத கணக்கு அது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. கயத்தாறு பேரூராட்சிக்குள் இருப்பவர்கள் பகுதி சபையில் பேசலாம். தீர்மானம் சுருக்கமாக இருக்கட்டும்: இன்ன தெருவுக்கு எதிரே, இன்ன கிலோமீட்டர் கல் அருகில், நாளொன்றுக்கு இத்தனை பேர் கடக்கிறார்கள், அங்கே வேகம் குறைக்கும் ஏற்பாடும், உயர்கோபுர விளக்கும், கடக்கச் சுரங்கப்பாதையும், விடிகாலைப் பேருந்தும் வேண்டும். கல்லின் எண்ணை மறக்காமல் எழுதுங்கள். நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஊர்ப் பெயரைவிடக் கல்லின் எண்தான் புரியும். தீர்மான நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கி, ஆட்சியருக்கு ஒன்றும் ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு ஒன்றும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதை ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.